நான் விசாரித்த வீடு

1

போன சனிக்கிழமை காலை, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. திறந்தால், கோட்டுப் போட்ட ஓர் இளைஞன். கையில் வழவழப்பான தாள்கள். வீடு வாங்கி விற்கும் ஒரு கொம்பனியின் பெயரைச் சொன்னான்.

"இந்தத் தெருவில வீடுகளை நிறையப் பேர் தேடுகினம். உங்களுக்கு விக்கிற யோசனை ஏதும் இருக்கோ?" என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டான்.

கதவைச் சாத்தி, உள்பூட்டையும் போட்டேன். அவன் போகும்வரை யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"ஏனப்பா அந்தப் பெடியன்ர முகத்தில கதவைச் சாத்தினீர்?" என்று என் கணவர் மரியதாஸ் குசினிக்குள்ளிருந்து கேட்டார். "அவன் தன்ர வேலையைச் செய்யிறான்."

அது எனக்கும் தெரியும். மெல்பேர்ணின் புறநகரான வெரிபீயில் புது வீடுகள் முளைக்கும் இந்தப் பக்கத்தில் வாரம் ஒருவர் இதே கேள்வியுடன் வருவார். ஆனால் நான்கு மாதங்களுக்கு முன்னர் நான் ஒரு நகரத்தில் இருந்தேன். அங்கே ஒரு வீட்டைப் பற்றி அந்நியர் ஒருவர் தெருவில் நின்று கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து படித்தேன். அந்த அந்நியர் நான்தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஊரிலிருந்து வாசிப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்பது தெரியவில்லை. நினையுங்கள்.

2

நான் மன்னார், பேசாலையைச் சேர்ந்தவள். அங்கே ஆறு வருடம் கணிதம் படிப்பித்தேன். இங்கே ஒரு மருத்துவமனையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கித் தட்டுகளில் அடுக்கும் பகுதியில் வேலை. கத்தி, இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கழுவிவிட்டோம் என்று கழுவியவரே சொன்னாலும் நம்பக்கூடாது. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று மரியதாஸ் சொல்வார். அது பாராட்டு இல்லை.

எங்கள் ஒரே மகள் நிரோஷி. இருபத்தெட்டு வயது. எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருபது வருடமாக எங்கள் உரையாடல் இப்படித்தான். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்று பேசுகிறோம், நடுவில் தண்ணீர்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அம்மா, ஐ ஹாவ் மெட் சம்வன்."

பெயர் தயோ. இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, குழாய்நீர் வழங்கும் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளராக இருக்கிறான். கத்தோலிக்கன். நைஜீரியாவில் லாகோஸ் நகரம்.

நான் முதலில் கேட்டது: "மன்னாரிலயோ யாழ்ப்பாணத்திலயோ ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" பிறகு கேட்டது: "அவனுக்கு விசா என்ன மாதிரி?"

"ஹீ இஸ் எ சிற்றிசன், அம்மா. நாங்கள் வந்த மாதிரித்தான் அவனும் வந்தவன்."

இரண்டாவது வசனத்தைத் தமிழில் சொன்னாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

நைஜீரியாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மின்னஞ்சலில் வந்தவைதான். இறந்துபோன அமைச்சரின் மனைவி, பெட்டி நிறையப் பொன், உங்கள் வங்கி இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள். என் வேலைத்தலத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஒரு தேசத்தையே ஒரு மோசடிக் கடிதமாக மடித்து வைத்திருந்தேன். அந்தத் தேசத்திலிருந்து ஒருவன் என் மேசையில் வந்து இருந்து, "மீன் குழம்பு எங்கட வீட்டு உறைப்புப் போல இருக்கு, அன்ரி" என்று மூன்றாம் முறை போட்டுச் சாப்பிட்டான். அவன் நன்றாகச் சாப்பிடச் சாப்பிட எனக்குச் சந்தேகம் கூடியது. பிழையில்லாத ஒரு மாப்பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. கருவிகளிலும் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் கறள் பிடித்திருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் பேசினால் விசாரிப்போம். பங்குச் சுவாமியிடம், மீன் வாடியில், கடையில், பக்கத்து வீட்டில். தகப்பனுக்குக் குடி உண்டா, குடும்பத்தில் பரம்பரை வருத்தம் உண்டா, இருக்கிற வீட்டின் உறுதிப் பத்திரம் யார் பெயரில். கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டின் உறுதியைப் பார்த்தால் குடும்பத்தையே பார்த்தது போல. ஆனால் லாகோஸில் யாரிடம் விசாரிப்பது? எனக்கு அங்கே ஒரு மாமி மச்சாள் இல்லை.

"போய்ப் பாப்பம்" என்றேன். கல்யாணத்துக்கு முன்னர் மாப்பிள்ளையின் தாயைச் சந்திக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். நிரோஷியின் முகம் மலர்ந்தது. அவள் என்னை நம்பினாள். ஜூன் மாதம் அவளும் நானும் தயோவும் பதினாறு நாளுக்குப் போனோம். மரியதாஸுக்கு லீவு கிடைக்கவில்லை.

3

லாகோஸை ஒரு நகரம் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கடலும் கழிமுகமும் நடுவில் கிடக்க, கரை முழுக்க மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலாக ஒரு பாலம் போகிறது. முடியவே முடியாத பாலம். அதில் நின்றபடி கீழே பார்த்தேன். தண்ணீருக்குள் கம்பு நட்டு அதன்மேல் வீடுகள், ஒல்லி வள்ளங்கள், மீன் புகைக்கும் புகை. "நின்றபடி" என்று சொன்னது காருக்குள் இருந்தபடிதான். கார்தான் நின்றது. அங்கே வாகன நெரிசலில் நிற்கும் நேரத்தில் ஒரு சந்தையே உங்களைச் சுற்றி வரும். வாழைக்காய்ப் பொரியல், சுவர்க்கடிகாரம், எலி மருந்து, குழந்தைகளின் பாடப்புத்தகம், பொதியில் அடைத்த குடிதண்ணீர். எல்லாம் ஓடும் மனிதர்களின் தலையில். கார் நகர்ந்தால் அவர்களும் கூடவே ஓடி மிச்சத்தைத் தருவார்கள். நான் யன்னலை ஏற்றிவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அம்மா, ரிலாக்ஸ்" என்றாள் நிரோஷி.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சந்தேகப்படுவது நான் மட்டுமில்லை. அந்த ஊரே சந்தேகப்படுகிறது. வங்கிக்குள் போவதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஒவ்வொருவராக நின்று அடைபட்டு, பிறகுதான் உள்ளே. மதில்களின் மேல் உடைந்த போத்தல் துண்டுகள். தெருவின் இரண்டு முனையிலும் இரும்புப் படலை. இருட்டினால் அதைப் பூட்டுவார்கள், விடிந்தால் திறப்பார்கள். காசுத் தாளைக் கொடுத்தால் வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் நடுவே, ஒருவரையொருவர் வாழ்த்தாமல் அவர்கள் எதையும் தொடங்குவதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. இருப்பவருக்கு ஒரு வாழ்த்து, வேலை செய்பவருக்கு வேறொன்று, மழையில் நனைந்து வருபவருக்கு ஒன்று, புதுச் சட்டை போட்டவருக்கு ஒன்று. சிறியவர்கள் முழங்காலில் நின்று பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். நிரோஷி தயோவின் தாயைக் கண்டதும் முழங்காலில் நின்றாள். கோவிலில் முழங்கால் நோகுது என்று இருந்துகொள்ளும் என் பிள்ளை! யாரோ முன்னமே பழக்கியிருக்கிறார்கள். என்னிடமிருந்து பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டார்கள் என்று வயிறு எரிந்தது.

தயோவின் தாய் ஃபோலாகே. என்னைவிட நான்கு வயது மூத்தவர். கணவர் இறந்து பதினொரு வருடம். லாகோஸ் தீவுப் பக்கத்துச் சந்தையில் சரிகைத் துணி விற்கும் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் தெருவை மறித்துக் கொட்டகை போட்டு ஏதோ ஒரு கல்யாணமோ செத்தவீடோ நடக்கும். ஒரு குடும்பத்தார் எல்லாரும் ஒரே துணியில் உடுத்தி வருவார்கள். அந்தத் துணிதான் அவரின் வியாபாரம். பெரிய உடம்பு, பெரிய குரல், சின்னக் கண்கள். அந்தக் கண்கள் என்னை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தன.

"வா, மகளே" என்று நிரோஷியைத் தூக்கினார். பிறகு என்னை அணைத்தார். அவரோடும் அந்தத் தெருவாரோடும் நான் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர்கள் பேச்சு எங்கள் ஊர்த் தமிழில்தான் காதுக்குள் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

4

வீடு சுருலேரே என்ற பகுதியில். பொறுமைக்குப் பலன் உண்டு என்பது அந்தப் பெயரின் பொருள் என்று தயோ சொன்னான். நல்ல மாடி வீடு, பச்சைப் படலை. எல்லாம் சரி. ஆனால் மதிலில், ஆள் உயரத்துக்கு, சிவப்புப் பெயின்றில் எழுதியிருந்தது: இந்த வீடு விற்பனைக்கு அல்ல.

காரை விட்டு இறங்கும்போதே அதை வாசித்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டு மதிலில் அப்படி எழுதினால் அதற்கு ஓர் அர்த்தம்தான். வழக்கு. உறுதியில் பிரச்சினை. யாரோ உரிமை கேட்கிறார்கள். உடனேயே கேட்டிருக்கலாம். "ஏன் உப்பிடி எழுதியிருக்கிறீங்கள்?" என்று ஒரு வசனம். ஆனால் விசாரிக்கப் போனவள் விசாரிக்கப்படுபவரிடமே கேட்பாளா? நான் ஒன்றும் காணாததுபோல உள்ளே போய், அவர் தந்த உறைப்புச் சோற்றைச் சாப்பிட்டு, வடிவாய் இருக்கு என்றேன்.

ஆறாம் நாள் திங்கட்கிழமை. ஃபோலாகே கடைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருவரும் தயோவின் பள்ளித் தோழனைப் பார்க்கப் போனார்கள். எனக்குத் தலையிடி என்று சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்கு என் சின்னக் கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போனேன். கொப்பியில் கேள்விகளை ஆங்கிலத்தில் இலக்கம் போட்டு எழுதியிருந்தேன்.

முதலில் மருந்துக்கடைப் பெண்.

"பச்சைப் படலை வீட்டுக்காரர் எவ்வளவு காலம் இருக்கினம்?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா. வீட்டின்ர உறுதி ஆற்ற பேரில இருக்கு?"

அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். "உங்களை ஆர் அனுப்பினது?"

லாகோஸில் கேள்விக்குப் பதில் கேள்வி. தையற்காரனும் அதையேதான் கேட்டான். ரயர் ஒட்டுபவனும் அதையேதான் கேட்டான். ஒருவருக்கும் நான் வாழ்த்துச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நேராக வழக்கறிஞர்போலக் கேட்டேன். பிறகு மதிலெழுத்துத் தெரியும்படி வீட்டைக் கைப்பேசியில் படமும் எடுத்தேன். மரியதாஸுக்கு அனுப்ப.

தெரு முனைக்குப் போய்த் திரும்பியபோது என் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். பிறகு இருபது. முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முதியவர். அந்தத் தெருவின் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத் தலைவர். இளைப்பாறிய தலைமை ஆசிரியர் என்று பின்னர் தெரிந்தது. அவர்தான் முதலில் எனக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்:

"அம்மணி, இந்த வீட்டை உங்களுக்கு விக்கிறது ஆர்?"

என் சந்தேகம் எல்லாம் ஒரே நொடியில் ஊர்ஜிதமாகிவிட்டது. "அப்ப விக்கினமோ?" என்று துள்ளிக் கேட்டேன்.

கூட்டம் 'ஏய்' என்றது. யாரோ ஓடிப்போய்த் தெருப்படலையைப் பூட்டினார்கள்.

அந்த ஊரில் நடக்கும் ஒரு மோசடி இது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஒருவன் அந்த வீட்டை இன்னொருவருக்கு விற்றுவிடுவான். போலி உறுதி எழுதி, முற்பணம் வாங்கி மறைந்துவிடுவான். வாங்கியவன் சாமான்களோடு வந்து இறங்குவான். அதனால் நூற்றுக்கணக்கான மதில்களில் அந்த வாசகம் இருக்கிறது. நான் ஆறு நாளும் காரில் போகும்போது கைப்பையைப் பார்த்தேனே தவிர மதில்களைப் பார்க்கவில்லை. ஓர் அந்நியப் பெண், கொப்பியோடு வந்து, வீட்டின் உறுதியைக் கேட்டு, படமெடுத்தால் அந்தத் தெரு என்ன நினைக்கும்?

5

அவர்கள் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. சங்கத் தலைவர் வீட்டு விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு, குளிர்ந்த தண்ணீர்ப் பொதி ஒன்று தந்து, "வீட்டுக்காரி வரும்வரைக்கும் இருங்கோ" என்றார்கள். நிரோஷிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மரியதாஸுக்கு அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

"ஜசி, பாஸ்போட்டை மட்டும் குடுத்திடாதையும்!" என்று கத்தினார். "எத்தனை பேர்? துவக்கு வைச்சிருக்கினமோ?"

"தண்ணி தந்தவை."

"குடிக்காதையும்!"

ஏற்கனவே குடித்திருந்தேன்.

ஃபோலாகே தீவிலிருந்து பாலத்தைக் கடந்து வர மூன்று மணித்தியாலம் ஆகும். அவருக்கு முன்னர் இன்னொருவர் வந்தார். வெள்ளை அங்கி, மென்மையான குரல். தயோவின் பெரியப்பா. செத்துப்போன தகப்பனின் மூத்த அண்ணன். யாரோ அவருக்கும் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, நான் இருப்பதற்கு வாழ்த்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் பெரியப்பாதானே சம்பந்தம் பேச வேண்டியவர்! கடைசியில் சரியான ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நம்பினேன். வாழ்க்கையில் எல்லாரையும் சந்தேகித்த நான், அந்த நகரத்தில் சந்தேகிக்க வேண்டிய ஒரே ஆளை நம்பினேன்.

மகளைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப ஃபோலாகேயும் அவுஸ்திரேலியாவுக்கு வருவாவோ?"

"வராமல்? ஒரே மகன். வந்தால் திரும்பிப் போவாவோ தெரியாது. இஞ்ச இந்த வீட்டை வைச்சிருந்து தனிய என்ன செய்யிறது?"

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஃபோலாகே ஒருநாளும் சொல்லவில்லை. நான் வெரிபீயில் பாத்திரம் கழுவும்போது எனக்குள் வளர்த்த சந்தேகம் அது. கல்யாணம் முடிய மாமியார் வந்து என் மகளின் வீட்டில் குந்திவிடுவா என்ற பயம். அதை ஒரு செய்திபோல அந்த மனிதரிடம் கொடுத்துவிட்டேன்.

"நல்லது" என்றார் பெரியப்பா. எழும்பி, தன் அங்கியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

6

ஃபோலாகே வந்தபோது தெரு முழுக்க நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டார் என்பது தெரிந்தது. பிறகு உரத்துச் சொன்னார்:

"இவ வீடு வாங்க வரேல்லை. என்ர மகனுக்குப் பொம்பிளை குடுக்க வந்தவ. எங்களை விசாரிக்கிறா!"

தெரு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மருந்துக்கடைப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி! அவவின்ர குறட்டையைப் பற்றியும் சொல்லியிருப்பன்!" தையற்காரன், கல்யாணச் சட்டை தன்னிடம்தான் தைக்க வேண்டும் என்றான். சங்கத் தலைவர் மட்டும் என் கொப்பியை வாங்கி, கேள்விகளை வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தார்.

வீட்டுக்குள் வந்ததும் ஃபோலாகேயின் சிரிப்பு நின்றது.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

நான் கொப்பியை மூடினேன்.

"உங்களைப் பற்றி நான் விசாரிக்காமலோ என்ர வீட்டுக் கதவைத் திறந்தனான்? வெரிபீயில என்ர பங்கைச் சேர்ந்த ஒருத்தி இருக்கிறா. நீங்கள் ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போறனீங்கள், உங்கட மனுசன் பஸ் ஓட்டுறார், தெருவில ஒருதரோடையும் சண்டை இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். உங்களுக்கு ஏதும் தெரிஞ்சதோ? இல்லை. விசாரிக்கிறதெண்டால் அப்பிடி விசாரிக்க வேணும். நீங்கள் கெட்டிக்காரி இல்லை."

பிறகு மதில் எழுத்தின் கதையைச் சொன்னார். கணவரை அடக்கம் செய்த மறு வாரம் அவரின் சகோதரர்கள் வந்தார்கள். தம்பியின் வீடு குடும்பத்தின் வீடு, பெண்சாதி வெளியால் வந்தவள் என்றார்கள். உறுதியில் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. அவர் ஒரு பெயின்ற் வாளியும் தூரிகையும் வாங்கிவந்து தானே மதிலில் எழுதினார். மற்றவர்கள் கள்ளருக்காக எழுதினார்கள், அவர் மைத்துனருக்காக எழுதினார். பதினொரு வருடமாக ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேலால் பூசுகிறார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பா வந்ததை ஃபோலாகே அறிவார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை அறியார். வாய் திறந்தேன். செய்தி கேட்டுத் திரும்பி வந்திருந்த நிரோஷி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அவ்வளவு வெட்கம். இதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

7

திரும்பி வந்து மூன்று வாரம். ஒரு ஞாயிறு மத்தியானம் தயோ எங்கள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தொலைபேசி வந்தது. கேட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். பெரியப்பா நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். தம்பியின் விதவை நாட்டைவிட்டுப் போய் அவுஸ்திரேலியாவில் குடியேறப்போகிறாள், வீட்டை விற்கப்போகிறாள், ஆகவே வீடு குடும்பத்தின் பொறுப்பில் வரவேண்டும். படலையில் தன் காவலாளி ஒருவனையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"நம்பத்தகுந்த ஒருவர் மூலம் அறிந்தது எண்டு எழுதியிருக்காம்" என்றான் தயோ. "ஆர் அந்த ஆள்?"

நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

சில நாளில் ஃபோலாகேயின் வக்கீலிடமிருந்து எங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. ஃபோலாகே மெல்பேர்ணில் கல்யாணத்துக்கு வந்து திரும்பிப் போவதைத் தவிர வேறு ஏற்பாடு ஏதும் இல்லை என்று, பெண்ணின் பெற்றோர் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவேண்டும். கூடவே பாஸ்போட் பிரதி, வீட்டு விலாசத்துக்கு ஆதாரம். 'அவசரம்' என்று மூன்று இடத்தில். இலவச மின்னஞ்சல் முகவரி.

"பாத்தீரே!" என்றார் மரியதாஸ். "உதுதான் அவையின்ர வேலை. பாஸ்போட், விலாசம், கையெழுத்து. எல்லாம் அனுப்பினால் எங்கட வீட்டையே வித்துப்போடுவினம்."

வேலைத்தலத்திலும் கேட்டேன். ஒருபோதும் அனுப்பாதே என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்று என்னை உறுத்துகிறது. அந்த வக்கீல் கள்ளனாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கள்ளன் என்றால் நான் ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஒன்பது நாள் அப்படியே கடத்தினேன். நிரோஷி ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும், "விசாரிக்க வேணும்" என்றேன்.

பத்தாம் நாள் அவள் சொன்னாள், தயோவின் தாய் இரண்டு வாரமாகக் கடை திறக்கவில்லையாம். வெளியே போனால் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்று முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறாவாம். பதினொரு வருடமாக ஒருநாள் தவறாமல் பாலத்தைக் கடந்து போன மனுசி.

மரியதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை மறைச்சுக்கொண்டோ அந்த வக்கீலைக் கள்ளன் எண்டு என்னைச் சொல்ல விட்டனீர்?"

8

வெரிபீ நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில், சத்தியக் கடதாசிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு இருப்பார். எங்கள் ஊரில் சமாதான நீதவான் என்றால் வெள்ளைச் சட்டை, பெரிய வீடு. இங்கே கம்பளிச் சட்டை போட்ட ஓர் இளைப்பாறிய பெண்மணி, பக்கத்தில் முத்திரை. ஆட்கள் வரிசையில். நிரோஷி என்னைக் காரில் கூட்டிவந்து வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தாள்.

வக்கீல் அனுப்பிய மாதிரியில் இரண்டு பந்திதான் இருந்தது. நான் மூன்றாவது ஒன்று எழுதியிருந்தேன். "ஒரு தாய்க்குரிய இயல்பான அக்கறையால் சில வார்த்தைகள் தவறுதலாகப் பேசப்பட்டன" என்று. வரிசையில் நிற்கும்போது அதை மூன்று முறை வாசித்தேன். யார் பேசினார்கள் என்று அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதினால் நான் பூச்சியம் போட்டிருப்பேன். வரிசையை விட்டு விலகி, ஒரு மேசையில் இருந்து, அதை வெட்டிவிட்டுக் கையால் எழுதினேன்:

ஃபோலாகே அவுஸ்திரேலியாவில் குடியேறப்போகிறார் என்று அவரின் மைத்துனரிடம் சொன்னது நான். அவர் அப்படி எனக்கு ஒருபோதும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன். அவர்கள் என் மகளை ஏமாற்றுகிறார்கள் என்று நம்பினேன். அப்படி நம்புவதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை.

சமாதான நீதவான் வெட்டிய இடத்தின் ஓரத்தில் என்னைச் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். "இதில் உள்ளதெல்லாம் உண்மையா?" என்று கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

காருக்குள் நிரோஷி அதைப் படமெடுத்து அனுப்புவதற்காக வாங்கினாள். வாசித்தாள். மழைத்துடைப்பான் போய் வந்துகொண்டிருந்தது. அவள் தமிழில் பேசினாள்.

"இதைத் தயோவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

அன்று மாலையே அவனுக்கு அழைத்துச் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். "தாங்க் யூ, அன்ரி" என்று சொல்லி மெதுவாகத் தொலைபேசியை வைத்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு ஞாயிறு அவர்கள் இருவரும் வரவில்லை. நான் நான்கு பேருக்குச் சமைத்து இரண்டு பேர் சாப்பிட்டோம்.

9

அந்தக் கடதாசியைத் தெருச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று வாசித்தாராம். நீதிமன்றத்திலும் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் காவலாளி போய்விட்டான். வழக்குப் போகவில்லை. அடுத்த தவணை ஏப்ரலில். அதுவரை ஃபோலாகே நாட்டைவிட்டு ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது. எடுத்துவைத்தால் பெரியப்பா சொன்னது உண்மையாகிவிடும். மெல்பேர்ணில் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் தாய் வரமுடியாமல் போனது என்னால்தான்.

"அப்ப அங்க வைப்பம்" என்று நிரோஷி முடிவெடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. ஜனவரி, சுருலேரே.

நைஜீரிய விசாவுக்கு, அங்கே இருக்கும் ஒருவர் அழைப்புக் கடிதம் தரவேண்டும். வருபவரைத் தெரியும், அவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கவேண்டும். ஆளுக்கொரு கடிதம். நிரோஷியின் கடிதம் வந்தது. மறுநாள் மரியதாஸின் கடிதம் வந்தது. என்னுடையது வரவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். நான் கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை? மரியதாஸ் தன் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார், என் கண்ணில் படாமல். மகளின் கல்யாணத்தை நான் கைப்பேசியில் பார்ப்பேன் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டேன்.

நேற்று மாலை நிரோஷியும் தயோவும் வந்தார்கள். ஏழாவது ஞாயிறு. தயோ ஒரு தாளை மேசையில் வைத்தான். "மம்மி இண்டைக்குத்தான் அனுப்பினவ. இதை எழுதத்தான் கனநாள் எடுத்தது எண்டு சொல்லச் சொன்னவ."

ஆங்கிலக் கடிதம். தமிழில் தருகிறேன்.

"இந்தப் பெண்மணியைப் பதினாறு நாளாக எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். இவர் என் வீட்டில் தங்குவார். இவர் நைஜீரியாவில் இருக்கும் காலம் முழுவதும் இவர் செய்வதற்கும் சொல்வதற்கும் நானே பொறுப்பு."

'செய்வதற்கும்' என்பது மட்டும்தான் வக்கீல் கொடுத்த மாதிரியில் இருந்ததாம். 'சொல்வதற்கும்' என்பதை ஃபோலாகே தானே சேர்த்து எழுதியிருக்கிறார்.